காரணம் எண் பதினான்கு

டொலிடோ நகரம், ஒஹையோ.
கேபிள் கம்பெனியின் இரண்டாம் மாடியில்
சனிக்கிழமை இரவென்றால் முப்பத்தாறு பேர்
காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருப்போம்.
"சண்டை வேணும்" என்பார்கள்.
எந்தச் சண்டை என்று கேட்கத் தேவையிருக்காது.

அவர்கள் குரலுக்குப் பின்னால்
கோழிச் சிறகு பொரியும். நாய் குரைக்கும்.
யாரோ யாரிடமோ, "உன் பங்கு பத்து டாலர், எடு."
கட்டணம் வீட்டுக்கு ஒன்று,
சோபாவிலும் தரையிலும் பதினாறு பேர்.
தெரிந்தும் கம்பெனி சிரித்த காலம் அது.
மணிக்கு நாற்பது அழைப்பு எடுத்தால்
ஒரு வான்கோழி பரிசு.
நான் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

நாற்பத்தொன்பது டாலர் ஐம்பத்தொன்பதானது.
பிறகு எழுபதுக்கு ஐந்து சென்ட் குறைவு.
ஒரே எடையில் இரண்டு சாம்பியன்கள்
ஐந்து வருடம் ஒருவரை ஒருவர் தொடவில்லை.
இவனுக்கு முழங்கையில் வலி,
அது ஆறியதும் அவனுக்கு வக்கீல்.
இலவு காத்த கிளியும்
ஒரு நாள் பறந்துபோகத்தானே செய்யும்?
கடைசியில் மோதினார்கள்,
இருவருக்கும் நெற்றி உச்சிவரை ஏறிய பிறகு.
பன்னிரண்டு சுற்றும் கட்டிப்பிடித்தபடி,
ரயிலடியில் பிரிய மனமில்லாதவர்கள் போல.
அன்றிரவு என் காதில் விழுந்ததை
எழுத்தில் போட முடியாது.

அடுத்த சண்டைக்கு மணிக்குப் பதினொரு அழைப்பு.
அதற்கடுத்ததற்கு நான்கு.
அந்த நால்வரில் ஒருவர்
இணையம் நின்று நின்று வருகிறது என்றார்.
எதைப் பார்க்கும்போது என்று கேட்டேன்.
வைத்துவிட்டார்.

ஏப்ரலில் பிலடெல்பியாவிலிருந்து
உதவித் தலைவர் விட்கோம் வந்தார், சிவப்பு ஒளிக்குச்சியோடு.
"நூறு ரூபாய்க் கணக்கு" என்று நீங்கள் சொல்வதை
அவர் நூறு டாலரில் சொன்னார்:
பாதி ஏற்பாட்டாளருக்கு.
மீதியில் செயற்கைக்கோள், விளம்பரம், வரி.
நமக்கு மிஞ்சுவது வசவு.
கேக் செய்யும் போட்டி ஒன்று மலிவாக வருகிறதாம்.
கேக்குக்கு முழங்கை இல்லை. வக்கீல் இல்லை.
சரிந்து விழுந்தால் இன்னொன்று சுட்டுக்கொள்ளலாம்.
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு ஒளிப்புள்ளி ஒரு கட்டத்தில் வந்து நின்றது.
பணம் திருப்பிய காரணங்கள்.
ஒன்று, மின்தடை. இரண்டு, புயல்.
பதின்மூன்று, குழந்தை தெரியாமல் அழுத்தியது.
"பதினான்கு, இதர. இது ஏன் இவ்வளவு?
யாருக்காவது தெரியுமா?"
டெல்மர் என்னைப் பார்த்தான்.
நான் காப்பியைப் பார்த்தேன்.

மார்ச்சில் லொரெய்ன் ஊரிலிருந்து ஒருத்தி.
நெரெய்டா கின்யோனெஸ்.
ரொட்டி ஆலையில் இரவுப் பணியை மாற்றிக்கொண்டு
முழுக் கட்டணமும் கட்டியிருந்தாள்.
மகன் எலியெசருக்கு நான்காவது சண்டை.
அரங்கில் அது ஆறு இருபதுக்கே முடிந்துவிட்டது,
காலி நாற்காலிகளின் எதிரில்.
எங்கள் ஒளிபரப்பு ஒன்பது மணிக்கு.

"ஜெயிச்சானா?" என்றாள்.
என் திரையில் அதற்கு இடமில்லை.
அவளுடைய கணக்கு எண் இருந்தது,
பாக்கி இருந்தது, தெருப்பெயர் இருந்தது.
"போன் எடுக்கவே மாட்டேங்கிறான்.
தோத்தா எடுக்க மாட்டான்.
ஜெயிச்சாலும் சில சமயம் எடுக்க மாட்டான்."

பணத்தைத் திருப்பிவிடுகிறேன் என்றேன்.
சரி என்றாள், வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அவள் தொலைக்காட்சியில் பெரிய சண்டைக்கு மணி அடித்தது.
நாற்பத்தொரு வினாடி. கூட்டம் எழுந்து கத்தியது.
யார் விழுந்தது என்று
நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது சனிக்கிழமை இரவுக்கு ஆறு பேர் போதும்.
கேக்கைப் பற்றி
யாரும் கூப்பிடுவதில்லை.